'மற்றவை'க்குள் ஒரு பெயர்: சதுரங்கத் தொடக்கங்களும் சென்னைப் பட்டினத்துக் குலாம் காசிமும்

1829ஆம் ஆண்டு சென்னைப் பட்டினத்தில் ஆங்கிலத்தில் ஒரு சதுரங்க நூல் அச்சேறியது. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலம் நடந்த இரண்டு ஆட்டங்களும், 'மூசியோ காம்பிட்' எனப்படும் ஒரு தொடக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் அந்நூலின் பொருள். அதன் முகப்பில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒருவர் சென்னை சிவில் சேவையைச் சேர்ந்த ஜேம்ஸ் கொக்ரேன். மற்றவர் சென்னையின் தரப்பில் ஆட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவர் பெயர் குலாம் காசிம்.

இந்தப் பெயரை நான் முதலில் எந்த நூலிலும் காணவில்லை. பாடசாலைக் கணினிக் கூடத்தில், உயர்தரத்துப் பொடியள் இரண்டு பேர் வரைந்து வைத்திருந்த ஒரு வட்டப் படத்தில்தான் கண்டேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன். கணினிக் கூடத்துக்குப் போவது வினாத்தாள் அச்செடுக்கத்தான். அன்றைக்குப் போன இடத்தில் ஒருவன் கூப்பிட்டான்: "சேர், இஞ்ச ஒருக்கா வந்து பாருங்க. இது எங்கட ஆக்கள்ற பேர் மாதிரிக் கிடக்கு."

மயிரிழை போன்ற ஒரு கோடு. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் 'அரசர் காம்பிட் ஏற்பு: குலாம் காசிம் காம்பிட்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. சதுரங்கம் ஆடும் உலகத்தார் எல்லாரும் பயன்படுத்தும் பட்டியலில், இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய சென்னைப் பட்டினத்து முஸ்லிம் ஒருவருடைய பெயர். அது எப்படி அங்கே வந்தது, வந்தது எப்படி இத்தனை காலம் நிலைத்தது, நிலைத்தும் ஏன் நம் கண்ணில் படவில்லை என்பவைதான் இக்கட்டுரையின் விடயம்.

தொடக்கம் என்பது என்ன?

சதுரங்கப் பலகையில் வெள்ளைக்காரன் முதல் நகர்வாகச் செய்யக்கூடியவை இருபது. எட்டுக் காலாட்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது பதினாறு. இரண்டு குதிரைகளுக்கும் இவ்விரண்டு வழி, அது நான்கு. கறுப்புக்கும் அதே இருபது. ஆகவே ஆளுக்கொரு நகர்வு முடிந்ததும் 400 வழிகள். வெள்ளை இரண்டாம் தடவை நகர்த்தியதும் அது 8,902 ஆகிறது. கறுப்பும் இரண்டாம் நகர்வை முடித்தால் 197,281. இந்தக் காட்டுக்குள் மனிதர் நடந்து நடந்து பதிந்த ஒற்றையடிப் பாதைகளைத்தான் 'தொடக்கம்' என்கிறோம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் உண்டு. சில ஆளின் பெயர், சில ஊரின் பெயர், சில நாட்டின் பெயர்.

பெயர்கள் பெருகியபோது அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது. பெல்கிறேட் நகரிலிருந்து 1974 முதல் வெளிவந்த 'சதுரங்கத் தொடக்கக் கலைக்களஞ்சியம்' எல்லாத் தொடக்கங்களையும் ஏ முதல் இ வரை ஐந்து தொகுதிகளாக்கியது. ஒவ்வொன்றிலும் 00 முதல் 99 வரை நூறு எண்கள். ஆக 500 வகைகள். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. போரின் போக்கை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று திணையாக்கி, ஒவ்வொரு திணைக்கும் துறைகள் வகுத்த தொல்காப்பியப் புறத்திணையியலை நினைத்துக்கொண்டால் போதும். ஏ, பி, சி என்பவை திணை என்றால், சி37 என்பது துறை. குலாம் காசிம் காம்பிட் இந்த சி37இல் அடங்குகிறது.

முஸ்லிம்களின் கையில் தொடக்கக் கல்வி

தொடக்கங்களுக்குப் பெயரிட்டு எழுதிவைக்கும் வழக்கம் ஐரோப்பியருடைய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர் பலர். அது சரியல்ல. இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' ஆனது. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் அது ஒரு கல்வியாகவே வளர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அல்-அத்லீ ஷத்ரஞ்ச் பற்றி நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர் அபூபக்ர் அஸ்-ஸூலீ. கி.பி. 946இல் பஸராவில் இறந்த இவர் கலீஃபா முக்தஃபீயின் அவையில் ஆடி வென்றவர். பின்னாளில் கலீஃபாவான ராளீயின் ஆசிரியர். நம் துறையைச் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு செய்தியும் முக்கியமானது. கவிஞர் அபூ நுவாஸின் கவிதைகளைத் தொகுத்தவரும், அபூ தம்மாமின் வரலாற்றை எழுதியவரும் இதே அஸ்-ஸூலீதான். ஒரு கையால் கவிதைகளைத் தொகுத்தவர், மற்றக் கையால் ஆட்டங்களைத் தொகுத்திருக்கிறார். அவருடைய மாணவர் அல்-லஜ்லாஜ் தொடக்கங்களை நகர்வு நகர்வாக ஆராய்ந்து எழுதினார்.

அவர்கள் தொடக்கத்துக்கு இட்ட பெயர் 'தஅபியா'. படையை அணிவகுத்து நிறுத்துதல் என்று பொருள். அன்றைய ஆட்டத்தில் காலாள் ஒரு கட்டமே நகரும். இன்றைய ராணியின் இடத்தில் நின்ற 'ஃபிர்ஸ்', மூலைவாட்டில் ஒரே கட்டம் போகும். 'ஃபீல்' எனும் யானை மூலைவாட்டில் இரண்டு கட்டம் தாவும். ஆகவே இரு படைகளும் முட்டிக்கொள்ளப் பல நகர்வுகள் செல்லும். அதுவரை ஒவ்வொருவரும் தான் விரும்பிய வியூகத்தை அமைத்துக்கொள்ளலாம். அந்த வியூகங்களுக்கு முஜன்னஹ் (சிறகுடையது), ஸய்யால் (வெள்ளப் பெருக்கு), மஷாயிகீ (ஷெய்குமாருடையது) என்றெல்லாம் பெயர்கள் இருந்தன.

இவை வெறும் பழங்கதை அல்ல. இன்றைய கிராண்ட்மாஸ்டர்களும், பலரும் வந்து சேரும் ஒரு தொடக்க நிலையைத் 'தபியா' என்றே சொல்கிறார்கள். பேர்ட் தொடக்கத்தின் ஒரு கிளைக்கு 'முஜன்னஹ்' என்ற பெயரே இன்றும் வழங்குகிறது.

இவையெல்லாம் நமக்கு எட்டியது எப்படி? கி.பி. 987இல் பக்தாதின் நூல் வணிகர் இப்னு நதீம், தாம் அறிந்த நூல்களையெல்லாம் பட்டியலிட்டு 'ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூலை எழுதினார். அதில் அல்-அத்லீ, அஸ்-ஸூலீ, அல்-லஜ்லாஜ் முதலிய ஷத்ரஞ்ச் ஆசிரியர்களுக்கும் இடம் கொடுத்தார். அவர்களுடைய நகர்வுகளைப் பிற்காலக் கையெழுத்துப் பிரதிகள் காத்தன. 1913இல் தம் பெரும் சதுரங்க வரலாற்றை வெளியிட்ட ஆங்கிலேயர் எச். ஜே. ஆர். மரே, அந்தப் பிரதிகளைப் படிப்பதற்காகவே அரபு மொழி கற்றார். பட்டியல் போட்டவர் ஒருவர், பிரதி செய்தவர் பலர், மொழி கற்றுத் தேடிப் படித்தவர் ஒருவர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அஸ்-ஸூலீயின் ஆட்டம் நமக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. சதுரங்கம் ஆடலாமா? இது மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுள்ள விடயம். இமாம் அபூ ஹனீபா, இமாம் மாலிக், இமாம் அஹ்மத் (றஹ்) ஆகியோரின் மத்ஹபுகளில் தடை என்ற கருத்தே வலுவானது. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சூதாட்டம் கலவாமலும் தொழுகையை மறக்கடிக்காமலும் இருந்தால் அது மக்ரூஹ் என்பதே இமாம் நவவீ (றஹ்) போன்றோரின் முடிவு. தாபிஈன்களில் ஒருவரான ஸஈத் இப்னு ஜுபைர் (றஹ்) பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தே ஆடுவார் என்ற செய்தியும் நூல்களில் உண்டு. 2016இலும் சஊதி அரேபியாவின் தலைமை முஃப்தி தடை என்றே கூறினார். நான் பத்வா சொல்ல வரவில்லை. ஆடாதவர் ஆட வேண்டியதில்லை. ஆனால், நம்மவர் ஆயிரம் ஆண்டுகளாக இதில் எழுதிச் சேர்த்த அறிவின் வரலாற்றை அறிந்துகொள்வது வேறு விடயம்.

சென்னைப் பட்டினத்து ஆட்டம்

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் ஆட்டத்தின் விதிகள் மாறின. ஃபிர்ஸ் ராணியாகிப் பலகை முழுதும் ஓடத் தொடங்கினாள். யானை நின்ற இடத்து மந்திரியும் மூலைவாட்டில் எவ்வளவு தூரமும் போகலானான். காலாள் முதல் தடவை இரண்டு கட்டம் பாயும் வழக்கம் அதற்கு முன்பே வந்திருந்தது. படைகள் நாலாம் ஐந்தாம் நகர்விலேயே மோதிக்கொண்டன. அப்போதுதான் 'காம்பிட்' என்ற வகை பெருகியது. ஒரு காயைப் பலி கொடுத்து, அதற்கு ஈடாக வேகத்தை வாங்குவது அதன் தந்திரம்.

அரசர் காம்பிட்டில் இரு தரப்பும் அரசரின் காலாளை இரண்டு கட்டம் தள்ளுகின்றன. வெள்ளை அடுத்துள்ள எஃப் வரிசைக் காலாளையும் இரண்டு கட்டம் தள்ளி, "வேணுமெண்டால் எடு" என்று நீட்டுகிறது. கறுப்பு எடுக்கிறது. வெள்ளை குதிரையை வெளியே கொண்டுவருகிறது. எடுத்த காலாளைக் காப்பாற்றக் கறுப்பு ஜி வரிசைக் காலாளை முன்னே விடுகிறது. வெள்ளை மந்திரியை சி4க்குக் கொண்டுவருகிறது. கறுப்பின் ஜி காலாள் இன்னொரு கட்டம் முன்னேறிக் குதிரையை மிரட்டுகிறது. இப்போது குதிரையைக் காப்பாற்றுவதுதானே இயல்பு? மூசியோ காம்பிட் அதைச் செய்வதில்லை. குதிரையை அப்படியே சாக விட்டு, அரசரைக் கோட்டைக்குள் அனுப்புகிறது. குலாம் காசிமின் பெயர் பெற்ற வழியும் குதிரையைக் காப்பாற்றுவதில்லை. ஆனால், கோட்டை கட்டுவதற்குப் பதிலாக, டி வரிசைக் காலாளை இரண்டு கட்டம் தள்ளி நடுப்பலகையைப் பிடிக்கிறது. ஐந்தாவது நகர்வில் உள்ள அந்த ஒரு வேறுபாட்டுக்குத்தான் அவருடைய பெயர்.

1828, 1829 என்பது இந்தியாவில் தந்தியும் ரயிலும் வருவதற்கு முந்திய காலம். சென்னையிலிருந்து ஐதராபாத்துக்கு ஒரு நகர்வு போக வேண்டுமென்றால் அதைத் தபால்காரர் காலால் நடந்துதான் கொண்டுபோக வேண்டும். பதில் நகர்வும் அவ்வாறே திரும்பி வர வேண்டும். அவ்வளவு பொறுமையோடு ஆடிய ஆட்டத்தை, முடிந்ததும் மறந்துவிடாமல், குறிப்புகளோடு அச்சிட்டார்கள். குலாம் காசிமின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம் அவர் நன்றாக ஆடியது மட்டுமல்ல. நன்றாக ஆடிய எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் இருந்திருப்பார்கள். அவருடைய நகர்வுகள் அச்சில் ஏறின, அந்த அச்சில் அவருடைய பெயரும் ஏறியது என்பதே காரணம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். இருபது முப்பது ஆண்டுகளின் பின் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி, ஜோன் கொக்ரேன் என்ற வழக்கறிஞரோடு பல நூறு ஆட்டங்கள் ஆடினார். (சென்னையின் ஜேம்ஸ் கொக்ரேன் வேறு, இவர் வேறு.) அரசரின் மந்திரியைப் பக்கத்தில் ஒதுக்கி நிறுத்தி, நடுப்பலகையைத் தூரத்திலிருந்து தாக்கும் அவருடைய முறை ஐரோப்பியருக்குப் புதுமையாக இருந்தது. இன்று உலகம் முழுதும் ஆடப்படும் 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயருக்கு அந்த ஆட்டங்களே மூலம் என்பர். ஆளின் பெயர் போய் 'இந்தியன்' என்ற பொதுப் பெயர் மிஞ்சிவிட்டது. ஆட்டம் ஒன்றுக்கு ஊரின் பெயர் மட்டும் கிடைப்பதும், ஆளின் பெயரே கிடைப்பதும் ஒன்றல்ல.

பெயர் இருக்கிறது என்பதால் அவரே கண்டுபிடித்தவர் என்றும் முடிவு கட்டக்கூடாது. மூசியோ காம்பிட்டைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியர் பொலேரியோ ஆராய்ந்திருக்கிறார். மூசியோ என்பவரின் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் என்பது ஒரு பதிவு. அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டு வட்டங்கள்

இனி, பொடியள் வரைந்த படத்துக்கு வருகிறேன். அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை. லைசெஸ் என்ற இலவச சதுரங்கத் தளம், தன்னிடம் ஆடப்பட்ட ஆட்டங்களை 2013 ஜனவரியிலிருந்து மாதம் மாதமாக எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறது. முதல் மாதக் கோப்பில் மட்டும் 121,332 ஆட்டங்கள். அதே தளத்தார் தொடக்கங்களின் பெயர்ப் பட்டியலையும் தனியே வைத்திருக்கிறார்கள். மூன்றே நிரல்கள்: வகை எண், பெயர், நகர்வுகள். அதில் 3,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

இவற்றைப் படிக்க 'பைதன்' என்ற நிரல்மொழி. அதற்குள் நூலகங்கள் என்று சில உண்டு. நமக்குத் தெரிந்த நூலகம் போலத்தான்: எவரோ எழுதி வைத்ததை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 'பைதன்-செஸ்' நகர்வுகளைப் படித்துப் பலகையை நிறுத்தும். 'பாண்டாஸ்' அட்டவணையாக அடுக்கி எண்ணிக்கை எடுக்கும். 'பிளொட்லி' படம் வரையும். மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். அவற்றின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். பத்துப் பதினைந்து வரிகளில் வேலை முடிந்துவிடுகிறது.

படம் வட்டத்துக்குள் வட்டமாக, வெட்டிய மரத்தின் வளையங்கள் போல இருக்கும். உள்வளையம் வெள்ளையின் முதல் நகர்வு. அடுத்த வளையம் கறுப்பின் பதில். அதற்கடுத்தது வெள்ளையின் இரண்டாவது நகர்வு. இப்படி வெளியே வெளியே போகும். ஒவ்வொரு துண்டின் அகலமும் எண்ணிக்கையைக் காட்டும்.

அவர்கள் இரண்டு படங்கள் வரைந்திருந்தார்கள். முதலாவது பெயர்ப் பட்டியலை வைத்து வரைந்தது. அதில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே அளவு இடம். நான் குலாம் காசிமைக் கண்டது அதில்தான். பக்கத்திலேயே, அதே ஐந்தாம் நகர்வில் மற்றக் குதிரையை வெளியே விடும் மெக்டொனலின் பெயர். இரண்டாவது, ஆடப்பட்ட ஆட்டங்களை எண்ணி வரைந்தது. அதில் இ4 என்ற முதல் நகர்வு ஒரு கண்டம் போல விரிந்து கிடந்தது. சிசிலியன், பிரெஞ்சு என்று பெரிய பெரிய துண்டுகள். குலாம் காசிமைத் தேடினேன். காணவில்லை.

"எங்கடா போனார்?"

"அவர் மற்றவைக்குள்ள போயிற்றார் சேர். ஒரு வீதத்துக்குக் குறைஞ்சதெல்லாம் 'மற்றவை' எண்டு ஒரு வரி போட்டிருக்கிறம். இல்லாட்டிப் படம் வடிவா வராது."

அந்தப் பதிலில் பிழை எதுவுமில்லை. படம் வரைகிற எவரும் அதைத்தான் செய்வார். ஆயிரக்கணக்கான மயிரிழைகளைக் காட்டினால் எதையும் பார்க்க முடியாது. முதற்படம் அகராதி மாதிரி. அருகி வழங்கும் சொல்லுக்கும் அன்றாடச் சொல்லுக்கும் ஒரு பதிவுதான். இரண்டாவது படம் சந்தையில் கேட்கிற பேச்சு மாதிரி. சில சொற்கள் ஆயிரம் தடவை, சில சொற்கள் ஒருதரமும் இல்லை. இரண்டும் உண்மை. ஆனால், இரண்டாவதை மட்டும் பார்த்தவன் குலாம் காசிம் என்றொருவர் இருந்ததாகவே அறியமாட்டான். அவரை மறைத்தது பகையோ அலட்சியமோ அல்ல. படம் வடிவாக வரவேண்டும் என்பதற்காக எழுதிய ஒரு வரி.

இத்தகைய படங்கள் வேறு விதமாகவும் கண்ணை ஏமாற்றும். வெளிவளையத் துண்டு, அதே கோணமுள்ள உள்வளையத் துண்டைவிடப் பரப்பில் பெரிதாகத் தெரியும். ஆனால், எண்ணிக்கை கோணத்தில்தான் உள்ளது. வெற்றி வீதத்தை நிறத்தால் காட்டினால் இன்னொரு சிக்கல். மூன்றே ஆட்டம் ஆடி இரண்டில் வென்ற தொடக்கம் 67 வீதம் என்று பளிச்சென்று சிவக்கும். மூவாயிரம் ஆட்டத்தில் பாதிக்குச் சற்று மேல் வென்றது மங்கிக் கிடக்கும். சிறு சான்றை வைத்துக்கொண்டு பெரிய முடிவு சொல்லும் வரலாற்றாசிரியரை எனக்கு அந்தச் சிவப்பு ஞாபகப்படுத்தியது. ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் எத்தனை ஆட்டம் என்ற எண்ணையும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

தொடக்கம் படியாத சுல்தான்

தொடக்கப் படத்தை மட்டும் வைத்து ஓர் ஆட்டக்காரரை எடைபோட முடியாது என்பதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், தம் புரவலர் சேர் உமர் ஹயாத் கானுடன் 1929இல் லண்டன் போனார். அவர் படித்தது இந்திய முறைச் சதுரங்கம். அதில் காலாளுக்கு இரட்டைப் பாய்ச்சல் இல்லை. கோட்டை கட்டுதல் இல்லை. அரசர் ஒருமுறை குதிரை போலத் தாவலாம். அஸ்-ஸூலீயின் காலத்து ஷத்ரஞ்ச் போலவே, படைகள் மெல்ல நகர்ந்து மோதும் ஆட்டம். ஆகவே ஐரோப்பியத் தொடக்கங்கள் அவருக்குப் புதியவை. எதிராளிகள் முதல் பத்து நகர்வுகளில் அவரை மடக்கிப் பார்த்தார்கள். நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் அவர் அவர்களை மடக்கினார்.

போன ஆண்டே பிரித்தானியச் சாம்பியன். பிறகு 1932இலும் 1933இலும் மறுபடியும் சாம்பியன். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவை வென்றார். அதே 1933இல், அதே வீட்டைச் சேர்ந்த மிஸ் ஃபாத்திமா பிரித்தானிய மகளிர் சாம்பியன் ஆனார். அவ்வாண்டின் இறுதியில் புரவலரோடு ஊர் திரும்பிய சுல்தான் கான் சர்வதேசப் போட்டிகளில் பின்னர் ஆடவில்லை. 1966இல் காலமானார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024இல். இறந்து 58 ஆண்டுகள் கழித்து. அந்தத் தாமதமான மரியாதைக்கும் ஆதாரம், அவருடைய ஆட்டங்கள் நகர்வு நகர்வாகப் பதிவாகியிருந்தமையே.

நம்முடைய ஏழு வரிகள்

இந்தக் கதைகளை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதும்போது மனம் வேறெங்கோ போகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். கையில் தூக்கிக்கொண்டு போனவற்றில் காகிதத்துக்கு இடமிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவதா, கொப்பியைத் தூக்குவதா? பள்ளிவாசல் கணக்குப் புத்தகம், பாடசாலைச் சஞ்சிகை, வாப்பாமார் எழுதிய கடிதம், பந்தாட்டக் குழுவின் படம் எல்லாம் வீட்டோடு நின்றன. இன்று யாழ்ப்பாணத்தின் வரலாறு எழுதப்படும்போது, சோனகர் தெருவுக்கு ஒரு பந்தி கிடைக்கிறது. சில நூல்களில் ஒரு வரி. எழுதுகிறவர்களிடம் பகை இருக்கவேண்டியதில்லை. எண்ணிக்கை குறைந்ததெல்லாம் 'மற்றவை' என்ற அந்த ஒரு வரி போதும்.

'மற்றவை'யிலிருந்து ஒரு பெயரை மீட்க வேண்டுமென்றால், முதலில் அந்தப் பெயர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். பொடியள் அந்த வரியை அழித்துவிட்டுப் படத்தை மறுபடி வரைய முடிந்தது, பட்டியலில் பெயர் இருந்தபடியால். பட்டியலிலேயே இல்லாதவரை எந்த மென்பொருளாலும் வரைய முடியாது. குலாம் காசிமுக்கு 1829இல் ஓர் அச்சகம் கிடைத்தது. நம் பாட்டன்மாரில் நன்றாகச் சதுரங்கம் ஆடியவரும், நன்றாகப் பாடியவரும், நன்றாகத் தைத்தவரும் இருந்திருப்பர். அவர்களுக்குப் பட்டியல் போட ஓர் இப்னு நதீம் வேண்டும்.

சதுரங்க ஆட்டத்தைக் கணினியில் எழுதிவைக்க 1993இல் ஒரு பொது முறை வகுக்கப்பட்டது. அதன்படி ஆட்டத்தின் தலையில் ஏழு வரிகள் கட்டாயம்: நிகழ்ச்சி, இடம், திகதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. ஏதாவது தெரியாவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட வேண்டும். வெறுமையாக விடவும் கூடாது, கற்பனையால் நிரப்பவும் கூடாது. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விதியை நான் கண்டதில்லை.

இப்போது பாடசாலையில் நடக்கும் ஆட்டங்களை அந்த இரண்டு மாணவரும் இவ்வாறே பதிகிறார்கள். ஆரம்பத்தில் பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். "முழுப் பேரையும் எழுதுங்கோ, வாப்பாட பேரையும் சேர்த்து" என்றேன். இடம் என்ற வரியில் 'இலங்கை' என்றிருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு ஆட்டத்தின் தலையிலும் யாழ்ப்பாணம் என்றிருக்கிறது. இவர்கள் ஆட்டம் உலகத்தரமானதல்ல. பத்தாவது நகர்வில் ராணியைப் பறிகொடுக்கிற ஆட்டம். பரவாயில்லை. இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய், பெயர், இடம், திகதி கேட்டு ஏழு வரி எழுதினால் போதும். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடலாம்.